இன்று வேலை ஒன்றுமில்லை

வெள்ளவத்தை ஃபிளாட்டில் நாகேந்திரம் முப்பது வருடம் எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. அதெல்லாம் மனைவி சரோஜினிதேவியின் இலாகா. பிரஷர் குளிசை, லைட் பில், யார் வீட்டுக் கலியாணம், வெள்ளிக்கிழமை மரக்கறி, எல்லாம் அவள் சொல்லுவாள், இவர் செய்வார். போன வருடம் செப்டெம்பர் ஒன்பதாம் திகதி அவள் போய்விட்டாள். மனுசனுக்கு அழுகைகூட வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே ரயிலேறி, கொழும்புக் கோட்டையிலுள்ள கப்பல் கம்பனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

போனாரே தவிர, வேலை ஓடவில்லை. மெயில் வரும், திறப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு கொண்டெய்னர்களின் கடதாசி தவறிப்போய், மனேஜர் உள்ளே கூப்பிட்டுக் கத்தினார். கத்தியதும் அவருக்கு உறைக்கவில்லை.

பக்கத்து மேசை நிம்றாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய பிரவுசரில் ஏதோ எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டுவிட்டாள். மெயிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றது.

"இதுல அமத்தினா மெயிலே வேலையா மாறும் அங்கிள். திகதிய போட்டு உடுங்க, அன்னைக்கி அதுவே எழுப்பும். வருஷா வருஷமெண்டாலும் எழுப்பும்."

அடடா, மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார்! கொண்டெய்னர் வேலை முடிந்தால் ஒரு சரி அடையாளம். பிறகு தனக்குத்தானே மெயில் அனுப்பத் தொடங்கினார். 'குளிசை போடு.' 'லைட் பில் கட்டு.' சிரிக்காதீர்கள், பன்னிரண்டே முக்காலுக்கு 'சாப்பிடு' என்றும் ஒன்று. எழுப்பும், செய்வார், சரி போடுவார். எல்லாம் முடிந்தால் திரையில் 'இன்று வேலை ஒன்றுமில்லை' என்று வரும். அது வந்தால் வீட்டுக்குப் போவார். இப்படியே பதினொரு மாதம் ஓடியது.

லண்டனிலிருந்து மகள் தாரிகா கதைத்தாள். "அம்மா போய் வருஷமாகுது, ஆட்டைத் திவசம் வருதப்பா. எனக்கு லீவு கிடைக்கேல்லை. நீங்கள் ஒராள்தான் செய்யவேணும்."

"அது போட்டு வைச்சிருக்கிறன், பிள்ளை. ஒரு கிழமைக்கு முதலே எழுப்பும். நீ யோசிக்காதை."

சொன்னபடியே செப்டெம்பர் இரண்டாம் திகதி மத்தியானம் திரையில் நினைவூட்டல் பெட்டி எழுந்தது: 'ஐயருக்குச் சொல்லு. சரோ திவசம்.' உடனே போன் எடுத்தார்.

"ஐயா, வாற ஒன்பதாம் திகதி சரோவின்ர ஆட்டைத் திவசம். என்னென்ன வேணுமெண்டு சொல்லுங்கோ."

"ஒன்பதோ? பொறுங்கோ." அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரண்டது. "அவ வளர்பிறைச் சஷ்டியிலயெல்லோ கண்ணை மூடினவ? அது போன வெள்ளியே முடிஞ்சுதே! இங்கிலிஷ் கலண்டரிலயோ பாத்தனீங்கள்?"

"நான் மறக்கேல்லை ஐயா. போட்டு வைச்சனான்."

"சரி, சரி. அமாவாசையில செய்யலாம், குறையில்லை. யோசிக்காதைங்கோ."

போனை வைத்தார். நிம்றாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "எங்கட நோன்பும் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முந்தித்தானே வருது அங்கிள். நானாவது யோசிச்சிருக்கோணும். நான்தானே திகதிய போடச் சொன்னேன்."

அவர் போன வெள்ளிக்கிழமையின் பட்டியலைத் திறந்தார். பத்தொன்பது வேலை, பத்தொன்பதுக்கும் சரி. 'சாப்பிடு' என்பதற்கும் சரி. அன்று கன்டீனில் மீன் அடைத்த பணிஸ்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை என்றுகூட நினைக்காமல் இரண்டு வாங்கித் தின்றிருந்தார். மூன்று மணிக்கு, இன்று வேலை ஒன்றுமில்லை. அதைப் பார்த்துவிட்டு நேரத்தோடு ரயிலைப் பிடித்து, வீட்டில் டீவியைப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார். சுவரில் அவள் படம். ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை.

அவளுக்காக அந்த வருடம் முழுவதும் அவர் செய்யவேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

தாரிகாவை அழைத்தார். "பிள்ளை, அம்மாட நாள் போயிட்டுது."

"என்னப்பா சொல்லுறீங்கள்?"

"போன வெள்ளி. அண்டைக்கு நான் மீன் பணிஸ் சாப்பிட்டனான், பிள்ளை. அம்மாட நாளிலை..."

ஒரு வருடம் வராத அழுகை, பட்டப்பகலில், ஒஃபிஸ் நடுவில் வந்தது. மனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். லண்டனில் மகள் "அப்பா, அப்பா" என்றாள்.

பன்னிரண்டே முக்காலாகித் திரையில் பெட்டி எழுந்தது: 'சாப்பிடு.' நிம்றா எட்டி அதை மூடினாள்.