காலி வாளிகள்

திசுச் சோதனையின் முடிவை மருத்துவர்தான், நேரில், நோயாளியிடம் முதலில் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லக் கூடாது. குடும்பத்தாரிடம் முந்திக்கொண்டு சொல்லவும் கூடாது. மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்த விதியை நானே பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இதே சோதனை எடுத்திருந்தால் விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. அதுதான் மருத்துவருக்குப் பிடிக்கவில்லை. பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார். முடிவு வருவதாக இல்லை.

அந்த வாரம் எங்கள் பேட்டையான பிரிக்பீல்ட்ஸில் தண்ணீர் தடை. என் மனைவி சாந்தா வாளி, அண்டா, சோறு வடிக்கும் பானை வரை நிரப்பி வைத்திருந்தாள். காத்திருப்பதை மறக்க நான் இடைக்கால ஐரோப்பாவின் யூதர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். ரைன் நதிக்கரை ஊர்களில் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாயால் சொல்வதில்லை. சேமித்த தண்ணீரையெல்லாம் வாசலில் கொட்டிவிடுவார்கள். பார்த்த அண்டை வீட்டார் புரிந்துகொண்டு தங்கள் தண்ணீரையும் கொட்டுவார்கள். மரண தூதன் தன் கத்தியை அதில் கழுவியிருப்பான் என்று சிலர் நம்பினார்கள்.

சாந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "கையெழுத்தில்லாத சுற்றறிக்கை" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இந்த நேரத்துல படிக்கிற புக்காங்க இது?"

மறுநாள் காலை நடை முடித்து மாடியேறினேன். எங்கள் தளத்து நடைவழி முழுக்க ஈரம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. குழாயில் இன்னும் தண்ணீர் வந்திருக்கவில்லை. பேச்சுச் சத்தமே இல்லை. கழுத்தில் கை வைத்தேன், கட்டி சில்லென்றிருந்தது.

பக்கத்து வீட்டு லெட்சுமி தன் கடைசி வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"என்னா அங்கிள், காலங்காத்தால! ஆன்டி எல்லாத் தண்ணியும் ஊத்துனாங்க. தண்ணில ஏதோ கோளாறுன்னு நாங்களும் ஊத்திட்டோம் லா."

உள்ளே சாந்தா காலி அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் தொலைபேசி.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்களா?"

ஆமென்று தலையசைத்தாள். "சொல்ல எனக்கு வாய் வரலங்க."

"நான் இன்னும் உயிரோடதான்டி இருக்கேன். குளிக்கவாவது ஒரு வாளி வச்சிருக்கலாம்."

அப்போதுதான் அழுதாள்.

நிணநீர்ப் புற்று (நோய் எதிர்ப்புச் சுரப்பிகளில் வருவது). "சார், இது சரியாகக்கூடியது. வீட்டுக்கு யார் சொன்னது?" என்றார் மருத்துவர். அதை அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கீமோதெரபியில் (ஊசிவழி ஏற்றும் மருந்து) முடி போனது, நாக்கின் ருசி போனது, கடைசியில் கட்டியும் போனது.

குணமாகிவிட்டேன் என்கிறார்கள். இருந்தும், காலி செய்துவிட்ட வீட்டில் தங்கியிருப்பவன்போல் இந்த உடம்பில் நடமாடுகிறேன். அந்தக் காலைக்குப் பிறகு விடிந்தவை எல்லாம் வேறு யாருடைய நாள்களோ என்றிருக்கிறது.

விதிமீறல் குறித்து மருத்துவமனைக்குப் புகார் அனுப்பியிருந்தேன். பதில் சாந்தாவின் பெயருக்கு வந்தது. கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள். கதவைத் திறந்து கையொப்பமிட்டு வாங்கியவன் நான்.

சாந்தா படித்தாள். எழுந்துபோய், குளியலறையில் நிரம்பியிருந்த வாளியை மூடிவைத்தாள்.