அருவிக்கா அம்மா?

என் மகனுக்கு நாற்பது வயதாகியும் பேச்சு குறைவு. குற்றாலத்து அருவியில் குளித்தால் மூளை தெளியும் என்று ஊரார் சொன்னதால், சாரல் காலம்தோறும் கூட்டிப்போவேன். காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். நான் அவன் கையை விலக்கித் தண்ணீருக்குள் தள்ளுவேன்.

போன வருடம் தென்காசியில் பார்த்த டாக்டரம்மா, இது பிறவிக் கோளாறு, என் வழியாக வந்தது என்றார். “மூளை நரம்புல பொட்டாசியம் வெளிய போக வாசல் இருக்கு ஆச்சி. அது திறந்தாத்தான் நரம்பு அடங்கும். உங்க பிள்ளைக்குச் சரியாத் திறக்கல. அதான் சத்தம் தாங்கல.”

“திறக்க மருந்து உண்டா தாயி?”

“தேடுதாங்க. எப்பம் வரும்னு தெரியல.”

அன்று திரும்புகையில் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடித்ததும் அவன் காதைப் பொத்தினான். “அருவிக்கா அம்மா?” என்று நடுங்கினான்.

“இல்லலே, வீட்டுக்கு.” அவன் கைகளின் மேல் என் கைகளையும் வைத்து அழுத்தினேன்.

மருந்து வரும்வரை இந்தக் கைகள் இருக்குமா என்பதுதான் இப்போது என் கவலை.