தேதி இல்லாத ஆப்பிரிக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை தேதியிட்ட ஒரு குறிப்பு என் மேசையில் இருக்கிறது. குன்னூர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு எடுக்கும் வசந்தி டீச்சர், பத்திரிகையில் பத்தி எழுதும் எனக்கு அனுப்பியது. 'சார், வெள்ளிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள். ஆப்பிரிக்கா பற்றி நல்ல படங்கள், மேப் அவசரம். வஞ்ஜிருவின் அம்மாவும் வருகிறார்.'

கடைசி வரிதான் விஷயம். வஞ்ஜிரு கென்யாச் சிறுமி. அப்பா ராணுவ அதிகாரி. ஓராண்டுப் பயிற்சிக்காகப் பக்கத்திலுள்ள வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்திருக்கிறார். வகுப்புச் சுவரில் தொங்கும் ஆப்பிரிக்கப் படத்திலோ... ஈட்டியும் குடிசையும்!

நானும் டீச்சரும் படக்கடை தேடி பஜாருக்கு ஓடினோம்.

"ஆப்பிரிக்காங்களா? சிங்கம் இருக்குது, ஒட்டகச்சிவிங்கி இருக்குது. எதுங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

"மனுசங்க இல்லீங்களா?" என்றார் டீச்சர்.

"இருக்காருங்க. ஈட்டியோட ஒருத்தரு."

"அவருதான் எங்க கிளாஸ்லயே நிக்கிறாரே!" டீச்சர் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள முன்னாடியே அதைக் காட்டிப் பாடம் எடுத்திருக்கேனுங்க சார். அவ ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. அதுதான் பயமா இருக்குது."

வீட்டில் என் அட்லஸைப் புரட்டினேன். சூடான் இன்னும் ஒரே நாடு. 2011-லேயே பிரிந்துவிட்டதே! இணையத்தில் படங்கள் கொட்டின. பஞ்சம், பாலைவனம், மான் கூட்டம்... எந்த ஊர்? எந்த ஆண்டு? பெரும்பாலானவற்றில் இல்லை. கல்யாண போட்டோவுக்குப் பின்னால்கூடத் தேதி எழுதுகிறோம். ஒரு கண்டத்துக்குக் கிடையாதா?

தேதியோடு கிடைத்த சில படங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தேன். நைரோபிச் சாலை, ஒரு பள்ளிக்கூடம். போதுமா? எனக்கே நம்பிக்கையில்லை.

வெள்ளிக்கிழமை. வஞ்ஜிருவின் அம்மா சுவரைப் பார்த்தார். புதுப் படங்களுக்கு நடுவே ஈட்டிக்காரர் இன்னும் நின்றிருந்தார். மகள் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

"போச்சுங்க சார்... கோவிச்சுக்கிட்டாங்க."

பின்னாலேயே போனோம். மைதானத்தில் இருவரும் குனிந்து புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கிக்குயு புல். நம் மலையெங்கும் நாம் மிதித்து நடப்பது. கென்ய மேட்டு நிலத்தில் பிறந்தது. அங்கே வாழும் கிக்குயு மக்களின் பெயரையே சுமப்பது. வஞ்ஜிரு அந்த மக்களில் ஒருத்தி.

"ஏங் கண்ணு, இதை எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார் டீச்சர்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் ஈட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள், மிஸ்."

டீச்சர் உள்ளே போய் அந்தப் படத்தைக் கழற்றினார். பிறகு வகுப்பு மொத்தத்தையும் புல்லில் உட்கார வைத்தார்.

வஞ்ஜிரு என் பக்கம் திரும்பினாள். "இதை இங்கே யார் கொண்டுவந்தார்கள், சார்? எந்த வருஷம்?"

தேதி கேட்கும் என்னிடமே! விசாரித்தேன். இரண்டு கதைகள் கிடைத்தன, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

கிக்குயு புல் நீலகிரிக்கு வந்த ஆண்டு — இந்தப் பத்தி அச்சேறும் வரை உறுதிப்படவில்லை.