டிரான்ஸ்ஃபர் வரைக்கும் ஒரு மானிட்டர்

என் கணவருடைய அரசாங்க உத்தியோகத்தில் தீவில் மூன்று வருடம் முடித்தால் மெயின்லாந்துக்கு மாற்றல் கேட்கலாம். கேட்டுக்கொண்டேதான் இருந்தார், கிடைத்தபாடில்லை. மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், இந்தியில் சண்டை போடவும் தொடங்கிவிட்டாள். இந்த மனிதர் மட்டும் நாளைக்கே கப்பல் ஏறப்போகிறவர் மாதிரி குடித்தனம் நடத்தினார். எது வாங்கினாலும் மட்டமானதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வீட்டிலிருந்தே காண்ட்ராக்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் கட்டட பிளான் வரைந்து கொடுக்கிறேன். அவர் வாங்கிவந்த மலிவு மானிட்டர்களில் இரண்டு உப்புக்காற்றில் செத்தன. மூன்றாவது உயிரோடிருந்து என் உயிரை வாங்கியது. மெல்லிய கோடெல்லாம் கலங்கித் தெரியும், சாயங்காலமானால் கண்ணில் நீர் கொட்டும். ஒரு படிக்கட்டின் அகலத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேம்மா" என்று காண்ட்ராக்டர் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

பஜாரில் கடைக்காரர் இரண்டு மானிட்டர் காட்டினார். ஒன்று மலிவு. இன்னொன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, ஆனால் எழுத்து கண்ணாடி மாதிரி தெரிந்தது, பல வருடம் உழைக்கும் என்றார். எது கெட்டாலும் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமாம்.

"வாரண்டியே இங்க பிரயோஜனமில்ல, அப்புறம் எதுக்கு டபுள் ரேட்டு? சஸ்தாவே சலேகா, மலிவே போதும். டிரான்ஸ்ஃபர் வந்ததும் சென்னைல நல்லதா வாங்கிக்கலாம்" என்றார் கணவர்.

"ரிப்பேருக்கு ஆளில்லாத ஊர்லதாங்க கெடாத சாமானா வாங்கணும். என் கண்ணு கெட்டா அதையும் சென்னைல வாங்கித் தருவீங்களா?"

கடைக்காரர் அவசரமாக மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். விலை கூடியதை என் சம்பாத்தியத்தில் வாங்கினேன். ஆட்டோவில் அதை நானே மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் ஒரு கைகூடப் பிடிக்கவில்லை.

வீட்டில் மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர் காலி அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றப் போனார். மிக்சி, டிவி, ஃபேன் என்று எல்லாவற்றின் பெட்டிகளையும் மாற்றலுக்கு ஆகும் என்று அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறார், பாதியைக் கரையான் தின்றுவிட்டது. நான் பெட்டியைப் பிடுங்கி, காய்கறிக் கத்தியால் கிழித்துத் துண்டு துண்டாகப் போட்டேன்.

"பைத்தியமாடி உனக்கு? டிரான்ஸ்ஃபர் வந்தா இத எதுல வெச்சுக் கொண்டு போறது?"

"வந்தா நீங்க போங்க. இது எங்கயும் வராது" என்றேன். "நானுந்தான்."