பெரட்டுக் களத்தில் வாசித்த கல்யாண ஓலை

அந்த உபதேசியார் பாட்டுப் புத்தகத்தால் முதுகு சொறிவார். யாரோ ஒரு துரை கழித்துப்போட்ட கோட்டு அவருக்கு முழங்காலைத் தொடும். இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலுக்கு எல்லாமே அவர்தான்.

நாடெங்கும் புளூ காய்ச்சல் பரவிய வருஷம் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பது என்று கமிட்டி கூடும்போதெல்லாம் யாராவது ஒருவர் இருமுவார். உடனே இன்னொரு வாரம் தள்ளிப்போடுவார்கள். எனக்கோ உயிர் போகிற அவசரம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று சபையைக் கேட்டால்தான் பாதிரியார் கல்யாணம் செய்துவைப்பார். பெண் வீட்டார் இந்தியாவுக்குப் புறப்பட நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் கல்யாணம் முடியாவிட்டால் அவளையும் கூட்டிப் போய்விடுவார்கள்.

"வாத்தியார் தம்பி, கோயில்ல தொத்துற காய்ச்சல் பெரட்டுல மட்டும் தொத்தாதாம். வாங்க, அங்கேயே வாசிச்சிருவோம்" என்றார் உபதேசியார்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், விடியற்காலையில் தோட்டமே தோளோடு தோள் உரசி நின்றது. அவர் ஒரு கல்லின் மேல் ஏறி என் ஓலையை வாசித்தார். "யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?"

"மொதல்ல சாப்பாடு உண்டான்னு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்!" என்றாள் கொழுந்தெடுக்கும் ஒருத்தி.

மூன்று வாரமும் இப்படியே நடந்தது. பூட்டிய கோயிலின் வாசலில் கல்யாணத்தை நடத்த அட்டனிலிருந்து வந்த பாதிரியார், "ஓலை வாசிச்சாச்சா?" என்று கேட்டார்.

"நெறஞ்ச கூட்டத்துல வாசிச்சேங்கய்யா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உபதேசியார் பக்தரா, போக்கிரியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் கோயில் எந்த ஞாயிறும் அவ்வளவு கூட்டத்தைக் கண்டதில்லை.