நான் சொல்லாத சாட்சி

எங்கள் நர்ஸம்மா தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது, தன்னுடைய விசுவாசம் நெய்வேலியில்தான் ஆழமானது என்று மேடையேறிச் சொல்லிவிட்டுப் போனார். ஆழம் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். நாங்கள் கூலிக்கு நட்டு அறுத்த வயலையெல்லாம் அப்போதுதான் மைன்ஸுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்கு டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி வேலை.

அந்தக் கொட்டகைகளுக்கு நடுவே ஓலைக் கூரை போட்டு நர்ஸம்மா ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். எங்கேயோ குளிர் தேசத்திலிருந்து மிஷன் ஊழியத்துக்கு வந்தவர். அங்கே கூட்டித் துடைப்பதும் ஊசிகளைக் கொதிக்க வைப்பதும் என் வேலை. அவர் மெட்ராஸில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர். "தண்ணீர் கொண்டு வாரும்" என்று நாடகத்து ராணி மாதிரி பேசுவார். நாங்கள் பதில் சொன்னால் எங்கள் வேதக்கோயில் உபதேசியாரின் முகத்தைப் பார்ப்பார். உபதேசியார் அதை இங்கிலீஷில் சொல்லுவார். நானும் மேல்பட்டாம்பாக்கத்தில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள்தான். இங்கிலீஷ் பேசினால் ஓரளவு புரியும். துடைப்பம் பிடித்தவளிடம் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

முதல் வருஷம் அவர் இங்கே ஒட்டவே இல்லை. வெயில், கரித்தூசி, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து அவரை உருக்கிவிட்டன. கதவைச் சாத்திக்கொண்டு அழுவார். ஜெபம் பண்ணினால் சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது என்று உபதேசியாரிடம் ஒரு தரம் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது. ஊருக்குப் போய்விடுவதென்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில் என் மகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று வயசு. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. மருந்து வாங்கக் கடலூருக்கு ஜீப் போயிருந்தது. நர்ஸம்மா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். பிறகு கட்டிலோரம் முட்டி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது அந்த விசில் சத்தம் நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "ஒங்க சாமிக்கு எம்புள்ளதான் கெடச்சிதா? இன்னும் எதுக்கு முட்டி போட்டுக்கினு கெடக்கிறீங்க? எழுந்திரிங்க, எம்புள்ளய வூட்டுக்குத் தூக்கிக்கினு போவணும்!"

நர்ஸம்மா உபதேசியாரைப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அது காதில் ஏறுகிற நிலையில் நான் இல்லை.

அதன்பிறகு நர்ஸம்மா ஆளே மாறிப்போனார். கட்டிய பெட்டியைப் பிரித்தார். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே வருவார். வெளியூரிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று இரக்கப்படுகிறார்களாக்கும் என்று நானும் பேசாமல் நிற்பேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வேலையை விட்டுவிட முடியுமா?

மேலும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அவர் ஊருக்குப் புறப்பட்டார். கோயில் வாசலில் பந்தல் போட்டு, சாமந்தி மாலை வாங்கி, பானகம் கரைத்து வழியனுப்புக் கூட்டம் வைத்தோம். அவர் இங்கிலீஷில் பேசப் பேச உபதேசியார் தமிழில் சொன்னார்.

"விசுவாசத்தைக் கொடுக்கத்தான் இங்கே வந்தேன். வந்த இடத்தில் என்னிடம் இருந்ததும் காய்ந்துபோனது. அப்போது ஒரு தாய், செத்துக் கிடந்த தன் பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு, இது தேவ சித்தம், நீங்கள் அழாமல் எழுந்திருங்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்றுதான் என் விசுவாசத்துக்கு வேர் பிடித்தது."

சொல்லிவிட்டு என்னைக் கைகாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். உபதேசியார் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வருஷமாக என் கையைப் பிடித்து இவர்கள் அழுதது இதற்குத்தானா?

எழுந்து நின்றேன். "நான் அப்டி சொல்லலீங்க! எம்புள்ளதான் கெடச்சிதான்னு ஒங்க சாமிய ஏசினேங்க. முட்டி போட்டது போதும்னு சொன்னேங்க. இங்க இருக்கிறவங்க பாதிப் பேரு அன்னிக்குக் கேட்டுக்கினுதான் இருந்தாங்க!"

பக்கத்திலிருந்தவள் "ஒக்காருடி" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு நர்ஸம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னார்: "எல்லா மகிமையும் கர்த்தருக்கே என்கிறாள்." இந்தத் தடவை எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

நர்ஸம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மறுபடியும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே, என் காதோரம், அவருடைய பண்டிதர் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"நீ சொன்னது அன்றைக்கே எனக்குப் புரிந்தது. ஆனால் உபதேசியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன். அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே."

அவர் கண்ணீரில் என் தோள் நனைந்தது. அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. கை எழும்பவில்லை. அவர் போய் ஜீப்பில் ஏறினார், நான் உட்கார்ந்தேன். எங்கேயோ ஒரு குளிர் தேசத்துக் கோயிலில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். கேட்டவர்களும் அழுதிருப்பார்கள். என் மகள் தொண்டையில் வந்த சத்தத்தை மட்டும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். சாமியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, பதில் வந்தால் அங்கேதானே வர வேண்டும். எல்லோரும் முட்டி போடும்போது நான் மட்டும் உட்கார்ந்தே இருப்பேன். புதிதாக வந்திருக்கிற பாதிரி ஐயர் என்னைப் பார்த்துவிட்டு, "பாவம், அந்தம்மாவுக்கு முட்டிவலி, ஒரு நாற்காலி கொண்டாந்து போடுங்க" என்றார்.