மெயினை மூடிய அப்பா

எங்கள் கீழ்வீட்டுக் குழாய்க்காரருக்கு ‘வால்வு’ என்று பட்டப்பெயர். எங்கே எது ஒழுகினாலும் முதலில் மெயின் வால்வை மூடுவார், காரணமெல்லாம் அப்புறம்தான். பாத்ரூமில் ஒருவர் தலை நிறையச் சோப்போடு கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். வேலை முடிந்து திறந்ததும் மட்டும், “வந்துடுச்சு!” என்று தெருவே அதிரக் கூவுவார். நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

அன்று அவருடைய ஐந்து வயது மகளுக்குக் காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. மனுஷன் வழக்கப்படி அவளுக்கும் மெயினை மூடிவிட்டார்.

“ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. உள்ள போனாத்தானே வெளிய வரும்?”

தையல் கம்பெனியிலிருந்து அரை நாள் லீவில் ஓடிவந்த மனைவி மகளின் காய்ந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை.

“தொட்டி காஞ்சா மோட்டார் எரிஞ்சுடும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே! பிள்ளைக்கு மட்டும் வேற கணக்கா?”



அவள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை முழுசாக, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டாலோ உடனே தூக்கிவர வேண்டும். நான் வண்டிச் சாவியோடு அவர்கள் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

வால்வு அவசரத்தில் முழு டம்ளரையும் புகட்டினார். அத்தனையும் அவர் சட்டையிலேயே திரும்பி வந்தது.

“பிரஷரைக் குறைங்க!” என்று சீறினாள் மனைவி.

பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். சொட்டுகிற குழாயைக் கண்டாலே பல்லைக் கடிக்கிறவர்! ஒவ்வொரு ஸ்பூனுக்கும் மகள் முகத்தையே பார்த்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நேரம் போனது. ஊட்டியது உள்ளேயே தங்கியது. குழந்தை மெல்லக் கண்ணைத் திறந்து, “அப்பா, ஒண்ணுக்கு வருது” என்றாள்.

தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த நிமிடம் பாத்ரூமிலிருந்து தெருவே அதிர ஒரு கூவல்:

“வந்துடுச்சு! வந்துடுச்சு!”

மாடிக்காரர் வாளியோடு தடதடவென்று இறங்கி வந்து, “எங்க? எந்தக் குழாயில?” என்றார்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நான் சாவியைப் பையில் போட்டேன்.